தாகமெடுத்த பூனை

பூனைக்குத் தாகம் குறைவு. அதன் முன்னோர் மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் எலி பிடித்துத் திரிந்த காட்டுப்பூனைகள் என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. இரையின் உடலில் இருக்கும் ஈரமே அந்த வாழ்வுக்குப் பெரும்பாலும் போதுமானது. மீதியைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். மனிதச் சிறுநீரகத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியாகச் சிறுநீரைப் பிரித்து, ஒவ்வொரு சொட்டையும் உடலுக்கே திருப்பித் தரும் திறமை அதற்கு உண்டு.

அப்படிப்பட்ட பிராணி, பத்துப் பன்னிரண்டு வயதில், தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது. குளியலறை வாளிக்குள் தலையை விட்டுக் குடிக்கிறது. மணல் தட்டில் கட்டி கட்டியாக ஈரம். வைத்த சோற்றையும் மீனையும் வழித்துத் தின்றும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. மயிலாப்பூரின் மாடி வீடானாலும் தியாகராய நகரின் அடுக்ககமானாலும் வழக்கமாக வரும் பதில் இரண்டுதான். ஒன்று, ‘வெயில் அப்படி’. மற்றது, ‘வயசாயிடுச்சு’.

இதே நான்கு அறிகுறிகளை, அதாவது தாகம், அடிக்கடி சிறுநீர், அடங்காத பசி, காரணமில்லாத இளைப்பு ஆகியவற்றை, வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் சென்னையில் யாரும் வெயிலைக் காரணம் சொல்ல மாட்டார்கள். ‘முதல்ல சுகர் டெஸ்ட் பண்ணு’ என்பார்கள். இந்த ஊருக்கு அந்த நோய் அவ்வளவு பழக்கம். பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை பின்னாளில் நீரிழிவுக்கே உரியதாக மாறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நீரிழிவைக் கணக்கெடுத்த பெரிய ஆய்வை நடத்தியதும் சென்னை நிறுவனம்தான். 2023இல் வெளியான அதன் முடிவின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல்.

இவ்வளவு அறிந்த ஊர், தன் வீட்டுப் பூனைக்கும் அதே நோய் வரும் என்பதைப் பெரும்பாலும் அறியாமல் இருக்கிறது. அறிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவை அப்படியே ஒத்த நோய் தானாக வருகிற உயிரினங்கள் மிகச் சில. அவற்றில் பூனை ஒன்று. அதைவிட முக்கியமானது, சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பூனைகள் இன்சுலினையே விட்டு வெளியே வந்துவிடுகின்றன.

ஒரே புரதம், ஒரே கோளாறு

கணையத்தில் சிதறிக் கிடக்கும் சிறு உயிரணுத் திட்டுகளை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கண்டார். இன்சுலின் சுரப்பது இந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா அணுக்கள். 1901இல் அமெரிக்க நோயியலாளர் யூஜின் ஓப்பி, நீரிழிவால் இறந்தவர்களின் திட்டுகளில் கண்ணாடி போன்ற ஏதோ ஒரு பொருள் படிந்திருப்பதைக் குறித்து வைத்தார். அது என்ன பொருள் என்று தெரியவே எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

விடை கிடைத்தபோது அதில் பூனைக்கும் பங்கு இருந்தது. சுவீடனின் பெர் வெஸ்டர்மார்க், அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த கால்நடை நோயியலாளர் கென்னத் ஜான்சன் ஆகியோரின் குழு 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நீரிழிவு வந்த மனிதர்களின் கணையத்திலும் நீரிழிவு வந்த பூனைகளின் கணையத்திலும் படிந்திருப்பது ஒரே புரதம் என்றது அது. ஏறக்குறைய அதே சமயத்தில் கார்த் கூப்பரின் குழுவும் இதைக் கண்டடைந்தது. அந்தப் புரதத்தை இன்று அமிலின் என்கிறோம். 37 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. பீட்டா அணு இன்சுலினை வெளியே விடும்போதெல்லாம் இதையும் சேர்த்தே விடுகிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வதும் உணவு இரைப்பையை விட்டு இறங்கும் வேகத்தைக் குறைப்பதும் இதன் வேலை.

இந்தச் சங்கிலியின் நடுவில் உள்ள ஒரு சிறு பகுதி, மனிதரிலும் பூனையிலும் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகத் திரளும் குணம் கொண்டது. உடல் பருத்து, தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போகும்போது பீட்டா அணுக்கள் மேலும் மேலும் சுரக்கின்றன. கூடவே அமிலினும் பெருகுகிறது. பெருகிய அமிலின் திரண்டு படிகிறது. அந்தத் திரட்சி பீட்டா அணுக்களையே கொல்கிறது. எலிகளிலும் சுண்டெலிகளிலும் இது நடப்பதில்லை. அவற்றின் அமிலினில் அதே இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் மூன்று இருக்கிறது. அது இருந்தால் இழை திரளாது. ஆய்வுக்கூட எலிக்கு இயல்பாக வராத ஒரு சிக்கலை, மடியில் படுத்துத் தூங்கும் பூனை நம்மோடு பகிர்ந்துகொள்கிறது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டறிவாக நிற்கவில்லை. எலியிடமிருந்து அந்த மூன்று புரோலின்களையும் எடுத்து மனித அமிலினில் பொருத்தி, திரளாத ஒரு செயற்கை அமிலினை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். பிராம்லின்டைடு என்ற அந்த மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பூனை, எலி, மனிதன் மூவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் பிறந்த மருந்து அது.

யாருக்கு வரும் என்பதிலும் ஒற்றுமை தெரிகிறது. வயதானவை, பருத்தவை, வீட்டை விட்டு வெளியே போகாதவை, கருத்தடை செய்த கடுவன்கள், அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மருந்து எடுத்தவை. அடுக்ககத்தின் ஐந்தாம் மாடியில், தட்டு நிறைய உலர் தீனியோடு, ஜன்னல் வழியே காகம் பார்த்துக்கொண்டு வாழும் பூனையிடம் இவற்றில் பல சேர்ந்தே இருக்கும்.

இனிப்பே தெரியாத நாக்கு

ஒற்றுமை இவ்வளவு என்றால் வேறுபாடும் கவனிக்க வேண்டியது. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு நிறுவனத்தினர் 2005இல் காரணத்தைக் கண்டார்கள். இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் சேர வேண்டும். பூனைக் குடும்பத்தில் அவற்றில் ஒன்று செயலிழந்துவிட்டது. புலிக்கும் சிறுத்தைக்கும் அப்படியே. இறைச்சி மட்டுமே தின்று வாழும் இனத்துக்கு அந்தச் சுவை தேவைப்படவில்லை.

உள்ளே கல்லீரலும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. நாம் ஒரு தட்டுச் சோறு தின்றால் நம் கல்லீரல் குளுக்கோகைனேஸ் என்ற நொதியைக் கொண்டு பெருகிவரும் குளுக்கோஸை வாரிச் சேமிக்கும். பூனையின் கல்லீரலில் இந்த நொதியின் செயல்பாடு மிகவும் குறைவு. மறுபுறம், புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் தயாரிக்கும் வேலை அங்கே ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது முழுதாக நிற்காது. இன்சுலின் குறையும்போது தசை கரைந்து முதுகெலும்பு தெரிவது இதனால்தான்.

எனவே பால், பிஸ்கட், தயிர்சாதம், மாவுச்சத்து மிகுந்த மலிவான உலர் தீனி ஆகியவை நீரிழிவு வந்த பூனைக்குச் சுமை. மரக்கறி மட்டுமே சமைக்கும் வீடுகளில் அன்போடு வளரும் பூனைகள் மயிலாப்பூர் பக்கம் நிறைய. அந்த வீடுகளில் அடுப்பை மாற்ற வேண்டியதில்லை. புரதம் மிகுந்து மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனி, பொட்டலமாகவே கடைகளில் கிடைக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே இன்சுலின் ஊசி போடும் பூனைக்கு மருத்துவரிடம் சொல்லாமல் தீனியை மாற்றக்கூடாது. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

சந்தேகத்திலிருந்து முடிவுக்கு

இரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு வரம்பைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுதும் திரும்ப எடுக்க முடியாது. மனிதருக்கு அந்த வரம்பு நூறு மில்லிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம். பூனைக்கு 250ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. தாண்டிய குளுக்கோஸ் சிறுநீரில் இறங்கும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இழந்த நீருக்காக உடல் தவிக்கிறது. பாலைவனச் சிறுநீரகமே தோற்றுப்போகும் நிலை அது. ஆக, பூனையின் தாகம் நம் கண்ணில் படும்போது சர்க்கரை உயர்ந்து பல நாட்களாகியிருக்கும்.

வீட்டிலேயே அளந்து பார்க்க எளிய வழி உண்டு. காலையில் அளவு குவளையால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளக்க வேண்டும். மற்றப் பாத்திரங்களையும் வாளிகளையும் மூடி வைத்தால் கணக்குத் தப்பாது. நலமான பூனை ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 50 மில்லிலிட்டருக்குள்தான் குடிக்கும். நான்கு கிலோப் பூனை 200 மில்லிலிட்டரைத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும். 400ஐ எட்டினால் ஏதோ ஒரு நோய் இருப்பது ஏறக்குறைய உறுதி. மணல் தட்டைச் சுற்றி எறும்பு வரிசை கட்டுகிறதா என்றும் பார்க்கலாம். நீரிழிவுக்காரரின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை நம் பழைய மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எறும்பு வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

நடையையும் கவனிக்க வேண்டும். பூனை விரல்களில் நடக்கும் பிராணி. நீண்ட நாள் சர்க்கரை நரம்பைத் தாக்கினால் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படிய நடக்கும். அலமாரி மேல் தாவ முயன்று வழுக்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில பூனைகளில் இந்த நடை மெல்லத் திருந்துவதும் உண்டு.

தாகமும் இளைப்பும் இருந்தால் நீரிழிவு மட்டும்தான் காரணம் என்றில்லை. வயதான பூனைகளில் சிறுநீரகம் பழுதாவது மிகச் சாதாரணம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும். இரண்டு நோய்கள் ஒன்றாகவே இருப்பதும் உண்டு. இரத்தமும் சிறுநீரும் சோதிக்காமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

சோதனையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடையாறிலிருந்து வேப்பேரிக்குக் கூண்டில் அடைத்து ஆட்டோவில் போகும் பூனையை நினைத்துப் பாருங்கள். அண்ணா சாலையின் ஹாரன் சத்தம், மருத்துவமனை வாசலில் குரைக்கும் நாய்கள், முகம் தெரியாத கைகள். அச்சத்தில் பெருகும் அட்ரினலின், கல்லீரலிலிருந்து குளுக்கோஸைத் திறந்துவிடும். நீரிழிவே இல்லாத பூனைக்கும் அந்த நேரத்தில் 300ஐத் தொடும் அளவு காட்டலாம். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. ஃப்ரக்டோசமின் என்ற சோதனை கடந்த ஒன்று முதல் மூன்று வாரச் சராசரியைச் சொல்லும். நம் மூன்று மாதச் சராசரிச் சோதனைக்கு இணையானது. வீட்டிலேயே பிடித்த சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்பதும் நல்ல சான்று. கூண்டின் மேல் பழகிய துண்டைப் போர்த்தி, நாய்களிடமிருந்து தள்ளி உட்காருவதுகூடச் சோதனையைச் சரியாக்க உதவும்.

ஒரு நாளும் காத்திருக்கக் கூடாத நேரம்

பசியோடு திரிந்த பூனை திடீரென்று உணவை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒதுங்கினால் நிலைமை மாறிவிட்டது என்று பொருள். இன்சுலின் அறவே போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் விளையும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, துவண்டு கிடத்தல், ஆழ்ந்த வேகமான மூச்சு, கிள்ளிவிட்டால் மடிந்தே நிற்கும் பிடரித் தோல். இது உயிரைப் பறிக்கும் அவசரம். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் சேர்ந்து வரும்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. மருத்துவமனையில் செய்ய நிறைய இருக்கிறது. முதலில் டிரிப்ஸ் ஏற்றி நீரிழப்பைச் சரிசெய்வார்கள். இன்சுலின் தொடங்கியதும் பொட்டாசியமும் பாஸ்பரசும் சரியும். அவற்றை அளந்து ஈடுகட்டுவார்கள். உண்ண மறுத்தால் குழாய் வழியே ஊட்டுவார்கள். பல பூனைகள் இதிலிருந்து மீள்கின்றன.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாட்டின் பழமையான கால்நடைக் கல்லூரிகளுள் ஒன்று. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மூத்த அங்கம் அது. அதன் போதனை மருத்துவமனையில் ஆய்வகம், ஸ்கேன், துறை வல்லுநர்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் அன்னி பெசன்ட் பெயரால் விலங்கு மருந்தகம் இருக்கிறது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் விலங்குநல அமைப்பும் இந்த ஊரில் பிறந்தது. இவை தவிர ஒவ்வொரு பேட்டையிலும் தனியார் மருத்துவர்கள். எங்கே போனாலும், எப்போது தொடங்கியது, எவ்வளவு குடிக்கிறது, எடை எவ்வளவு குறைந்தது, என்னென்ன மருந்து கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவரின் பாதி வேலை மிச்சம்.

ஊசியும் அதன் பலனும்

சிகிச்சை என்பது பெரும்பாலும் நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் ஊசி மயிரிழை போல் மெல்லியது. தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தும்போது தின்றுகொண்டிருக்கும் பூனை பெரும்பாலும் தலை நிமிர்த்துவதுகூட இல்லை. தாத்தாவுக்கு ஊசி போட்டுப் பழகிய வீடு என்றால் பயம் இன்னும் குறைவு.

அந்தப் பழக்கமே ஒரு தவறுக்கும் வழி வைக்கிறது. இந்தியாவில் மனிதருக்கான பல இன்சுலின் குப்பிகள் யு-40 வகை, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். பூனைகளுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் கிளார்ஜின் யு-100. ஊசிக்குழலும் இரண்டு வகை: சிவப்பு மூடி யு-40க்கு, ஆரஞ்சு மூடி யு-100க்கு. மெடிக்கல் ஷாப்பில் மாற்றிக் கொடுத்த சிவப்பு மூடிக் குழலில் கிளார்ஜினை ‘ஒரு யூனிட்’ என்று ஏற்றினால் உள்ளே போவது இரண்டரை யூனிட். நான்கு கிலோ உடலுக்கு அது உயிராபத்தாகலாம். குப்பியும் குழலும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும். அப்போது ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டுப் பெரியவரின் நீரிழிவு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஒருபோதும் கூடாது.

அளவு பார்க்கக் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும். குளுக்கோஸ் சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே பங்கிட்டு நிற்கும் விதம் இரண்டு இனங்களிலும் வேறு. அதை மருத்துவர் கணக்கில் கொள்வார். தோலில் ஒட்டி இரண்டு வாரம் தொடர்ந்து அளக்கும் உணரிகளையும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? உயர்ந்த சர்க்கரையே பீட்டா அணுக்களுக்கு நஞ்சு. சூரிச்சில் நலமான பூனைகளின் இரத்தத்தில் பத்து நாட்கள் குளுக்கோஸை உயர்த்தி வைத்துப் பார்த்தபோது இன்சுலின் சுரப்பு குன்றியது; பீட்டா அணுக்களும் குறைந்தன. 2009இல் வெளியான ஆய்வு அது. மறுபக்கத்தை அதே ஆண்டு கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் காட்டினார்கள். வீட்டிலேயே அடிக்கடி அளந்து, கிளார்ஜினாலும் மாவுச்சத்து குறைந்த உணவாலும் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய 55 பூனைகளில் 64 சதவீதம் இன்சுலினே தேவைப்படாத நிலையை அடைந்தன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம். தாமதித்தவற்றில் 35. சுமையை இறக்கி வைத்த தோள் மறுபடி நிமிர்வதுபோல, மிச்சமிருந்த பீட்டா அணுக்கள் மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. அமிலின் முற்றும் படிவதற்கு முன்னால் அந்த ஓய்வைக் கொடுப்பதுதான் எல்லாம்.

எல்லாப் பூனைக்கும் இது வாய்க்காது. பிரிட்டனில் நீரிழிவுப் பூனைகளைச் சோதித்ததில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகையே மூலகாரணமாக இருந்தது. அவற்றுக்கு இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகும். மீண்டவற்றிலும் சிலவற்றுக்கு நோய் திரும்பும். ஊசிக்குப் பதில் வாய்வழியே தரும் மருந்துகளும் வந்துவிட்டன: அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசினும் 2023இல் வெலாகிளிஃப்ளோசினும் பூனைகளுக்கென ஒப்புதல் பெற்றன. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இவை, கீட்டோன் அபாயம் இல்லாத, வேறு வகையில் நலமாக இருக்கும் பூனைகளுக்கே ஏற்றவை.

நோய் முற்றிய பூனையை வைத்துக்கொண்டு தவிக்கும் வீட்டுக்காரர்கள், ‘பன்னிரண்டு வயசுக்கு மேல இவ்வளவு செய்யணுமா’ என்ற கேள்வியைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து கேட்கத்தான் செய்வார்கள். வயது நோயல்ல. நன்கு பராமரிக்கப்படும் வீட்டுப்பூனை பதினைந்து வயதைத் தாண்டுவது அபூர்வமில்லை. கட்டுக்குள் வந்த நீரிழிவோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பூனைகள் ஏராளம். செலவும் உழைப்பும் உண்மையானவை. அவற்றை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, வீட்டுக்கு முடிந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவு எதுவானாலும் சோதித்து அறிந்த பின் எடுக்கப்படும் முடிவாக அது இருக்கட்டும். அந்த நோயை மனிதரிடம் இத்தனை ஆண்டுகள் படித்த ஊருக்கு, அதே அடையாளங்களைப் பூனையிடம் படிப்பது கடினமில்லை. கிண்ணத்தில் ஊற்றும் தண்ணீரை அளக்கத் தொடங்குங்கள். அளவு மீறினால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.